கருதுக்குள் ஒரு தம்

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடையின் பின்கட்டை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். சீரகச் சம்பா முக்கால் பதம் வெந்ததும் அடியில் எரியும் விறகை இழுத்துவிடுவார்கள். அண்டாவை இறுக்க மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் பரப்புவார்கள். அதற்குப் பிறகு சமைப்பது உள்ளே அடைபட்ட ஆவிதான்; இதுதான் தம். 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ், தலப்பாக்கட்டியாகி இந்த ஊர்ப் பிரியாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. மக்காச்சோளக் கருதைத் தோலோடு கரி அடுப்பில் போட்டால் நடப்பதும் ஒரு தம்தான். அங்கே தோலே அண்டா, தோலே மூடி.

கொடைக்கானல் மலைப்பாதையில் விற்கிற சுட்ட கருது வேறு வழியில் வேகிறது. தோலை முழுக்க உரித்து, முத்துகளைத் தணலுக்கு நேரே காட்டுகிறார்கள். விசிறிக்கொண்டே திருப்பித் திருப்பி வாட்டத் தெரிந்தவர் சுட்டால் அதற்கு ஈடே இல்லை. எலுமிச்சை மூடியை மிளகாய்த்தூள் உப்பில் தொட்டுத் தேய்த்து அவர் நீட்டுவதை மலைக்குளிரில் நின்று கடிப்பது தனிச் சுகம். வீட்டு மொட்டை மாடியில் எப்போதோ பார்பிக்யூ போடுகிறவருக்கு அந்தக் கைப்பக்குவம் சுலபத்தில் வராது. வெளியே கரிந்துவிடும், உள்ளே பச்சை வாடை போகாது, முத்தின் ஈரம் வற்றிப் பல்லுக்கு வேலை வைக்கும். தோலை விட்டுவைத்தால் இந்த மூன்று தொல்லையும் இல்லை.

நன்றாகப் பிடித்த கரித்தணலின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதன்மேல் கிடக்கும் கருதின் உள்ளே மட்டும் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் காவல். பச்சைத் தோலில் அடுக்கடுக்காக ஈரம் இருக்கிறது. இளம் முத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை 1 டிகிரி ஏற்ற 1 கலோரி போதும். கொதிநிலைக்கு வந்த அதே கிராமை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வேண்டும். ஆகவே ஈரம் மிச்சமிருக்கும் வரை, தணல் தருகிற சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. அந்த ஆவி தோலுக்கும் முத்துக்கும் நடுவே சுற்றி, சூடு குறைந்த முத்தின்மேல் படிந்து நீராகும்போது, வாங்கிய 540 கலோரியையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. வெறும் சூட்டுக்காற்றைவிட ஆவி சீக்கிரம் வேகவைப்பது இதனால்தான். மக்காச்சோள மாவுச்சத்து 62 முதல் 72 டிகிரிக்குள் தண்ணீரைக் குடித்து உப்பி, கூழ்ப்பதத்துக்கு வந்துவிடும். 100 டிகிரி அதற்குத் தாராளம்.

தம் போடுமுன் மசாலா சேர்ந்திருக்க வேண்டும் என்பது போலத்தான் இங்கேயும். தோலைப் பிய்த்தெடுக்காமல் காம்பு வரை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளே இருக்கும் நாரை நீக்குங்கள். அந்த நார் வீணாக முளைத்ததல்ல. ஒவ்வோர் இழையும் ஒரு முத்துக்குரியது. மகரந்தம் அந்த இழைவழியாகத்தான் இறங்கிக் கருவாகிறது. இழைக்கு மகரந்தம் கிடைக்காத இடம்தான் கருதில் நாம் பார்க்கிற பொக்கை.

நான்கு கருதுக்கு மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது நல்லெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி கொரகொரப்பான மிளகு, தட்டிய பூண்டு நான்கு பல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல்லே போதும், அவ்வளவு காட்டம். திறந்த தணலில் பூண்டும் மிளகாயும் முதலில் கருகிக் கசக்கும். தோலுக்குள் 100 டிகிரியைத் தாண்ட வழியில்லாததால் கருகுவதில்லை. உப்பு ஆவிநீரில் கரைந்து வரிசைகளுக்கு நடுவே இறங்கும். மிளகாயின் காரமும் நிறமும் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும்; அதற்காகத்தான் எண்ணெய். எலுமிச்சைச் சாற்றைக் கடைசிக்கு வையுங்கள், சூட்டில் அதன் மணம் பறந்துவிடும்.

எந்தக் கருது என்பதில் எனக்கு உறுதியான கட்சி உண்டு. பாலிதீன் சுற்றி வரும் ஸ்வீட் கார்னைவிட, நம் காட்டு மக்காச்சோளத்தைப் பால் பிடித்த பருவத்தில் ஒடித்ததே மேல். அதில் இனிப்பு குறைவு, ஆனால் கடிக்க ஒரு பிடிப்பும் தானிய ருசியும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர் பக்கமெல்லாம் இந்த வெள்ளாமை உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையமே திண்டுக்கல் மாவட்டத்து வாகரையில்தான் இருக்கிறது. விளைவதில் பெரும்பகுதி முற்றிக் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகிறது. புரட்டாசியில் விதைத்தால் மார்கழி வாக்கில் பால் பருவம் வரும். ஒரு முத்தை நகத்தால் கீறுங்கள். தெளிந்த நீர் வந்தால் பிஞ்சு, பால் தெறித்தால் பதம், மாவாக ஒட்டினால் பருவம் தாண்டிவிட்டது. ஒடித்த கணத்திலிருந்து சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண இனிப்புச் சோளத்தை 30 டிகிரி வெயிலில் ஒருநாள் போட்டுவைத்தால் சர்க்கரையில் பாதிக்கு மேல் போய்விடும். காலையில் ஒடித்தால் அன்று மாலையே சுட்டுவிடுங்கள்.

தோட்டக்காரரிடம் கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று கேட்காமல் வாங்க வேண்டாம். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்குத் தெளிப்பு கூடியிருக்கிறது. இந்த முறையில் தோலும் அடுப்பேறுகிறது என்பதால் இது முக்கியம்.

மசாலா தடவிய கருதைப் பழையபடி மூடி, கிழித்த தோல் நாரால் நுனியைக் கட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குஞ்சத்தை நறுக்கிவிடுங்கள், முதலில் தீப்பிடிப்பது அதுதான். பிரியாணியில் அரிசிக்கு வேண்டிய தண்ணீரை நாம் ஊற்றுகிறோம். கருதுக்கு அது தேவையில்லை, முத்திலேயே இருக்கிறது. பின் ஏன் சுடுமுன் கருதைத் தோலோடு ஊறவைப்பது? தோல் பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான். மசாலா தடவுமுன் 20 நிமிடம் தண்ணீரில் கிடக்கட்டும்.

கரி சிவந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு கருதை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்புங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தோல் கறுத்து, உள்வரிசை முத்துகளின் வடிவம் வெளியே தெரியும். தோலைப் பிரித்ததும் முகத்தில் அடிக்கும் மணத்துக்கு டைமெத்தில் சல்பைடு என்கிற கந்தகச் சேர்மம் பெரும் காரணம். அது எளிதில் ஆவியாகிற பொருள், மூடியிருந்த வரை உள்ளே தங்கியிருந்தது.

தம்மால் முடியாத ஒன்று சிவப்பது. முத்து பொன்னிறமாகிச் சுட்ட வாசம் வர ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் அந்தச் சூடு வராது. எனவே வெந்த கருதின் தோலைப் பின்னுக்கு மடக்கிக் கைப்பிடியாக்கி, முத்துகளை இரண்டு மூன்று நிமிடம் நேரே தணலில் காட்டுங்கள். மேற்பரப்பின் ஈரம் மட்டும் ஓடி அங்கங்கே பொட்டுப் பொட்டாகச் சிவக்கும். இப்போது எலுமிச்சை பிழியலாம்.

இதையே கொடைக்கானல் விடுதி முற்றத்தில் செய்தால் தோலோடு வேகும் நேரத்தை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், தம்மின் சூடும் அவ்வளவுதான்.