கொக்கோத் தீவும் ஒரு பார்திங்கும்

பிறந்தநாள் விழாவா? பரீட்சையிற் சித்தியடைந்த பிள்ளைக்குப் பரிசா? தூரதேசத்திலிருந்து வரும் மாமாவின் பயணப் பெட்டியா? எங்கும் முந்தி நிற்பது சொக்கலேற். மினுங்கும் தாளைப் பிரித்து ஒரு துண்டை வாயிலிட்டதும் குழந்தையின் முகம் மலர்கிறது. அதைக் கண்டு பெற்றோரின் உள்ளமும் மலர்கிறது. அவ்வேளையில், "இக்கொக்கோ எந்த மண்ணில் விளைந்தது? இதைப் பறித்த கை எவருடையது?" என்று கேட்பார் யார்?

இக்கேள்வி இற்றைக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்னர், இங்கிலாந்தின் பெயர்பெற்ற சொக்கலேற் கம்பனி ஒன்றின் வாயிலிலே வந்து நின்றது. விடை கிடைத்த பின்னரும் வாங்குவதை நிறுத்த அக்கம்பனிக்கு எட்டு ஆண்டுகள் சென்றன. அந்த எட்டு ஆண்டுகளின் கதையே இது.

நல்லவர்களின் தொழிற்சாலை

பேர்மிங்காம் நகரத்துக் கட்பரி குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரை வெறுப்பதும், வணிகத்தில் நாணயம் காப்பதும், அடிமை முறையை எதிர்ப்பதும் அப்பிரிவினரின் மரபு. 1879இல் நகரின் புகைக்கும் நெரிசலுக்கும் அப்பால் போர்ன்வில் என்னுமிடத்தில் அவர்கள் தமது தொழிற்சாலையை நிறுவினர். காற்றோட்டமான வேலைக்கூடங்களும், விளையாட்டுத் திடல்களும், அருகே தோட்டங்களோடு கூடிய வீடுகளும் அங்கே எழுந்தன. தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் முதலாளிகள் மலிந்திருந்த அக்காலத்தில், போர்ன்வில் ஒரு புதுமையாகவே போற்றப்பட்டது.

இத்தகைய நல்லவர்களுக்குத்தான் சோதனை வந்தது. கம்பனியின் பங்காளர்களுள் ஒருவரான வில்லியம் கட்பரியின் கண்ணில் 1901ஆம் ஆண்டிலே ஒரு விற்பனைப் பட்டியல் பட்டது. சாவோ தோமே என்னும் தீவில் ஒரு கொக்கோத் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. தோட்டத்தின் சொத்துக்கள் அதிலே வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றினிடையே 200 கறுப்பினத் தொழிலாளர். அவர்களின் பெறுமதி 3,555 பவுண்!

கூலிக்கு அமர்த்தப்பட்ட மனிதனுக்குச் சம்பளம் உண்டு, விலை இல்லை. விலை குறிக்கப்பட்ட மனிதனுக்கு ஒரே பெயர்தான் உண்டு. அப்பெயர் அடிமை.

சென்றவர் மீளாத தீவு

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், பூமத்திய ரேகைக்கு அருகே கிடக்கும் சிறு தீவு சாவோ தோமே. இன்று அது சுதந்திர நாடு. 1975 வரையில் போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தது. அதன் எரிமலை மண்ணும் ஓயாத மழையும் கொக்கோ மரத்துக்கு மிகவும் உகந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாகக் கொக்கோ ஏற்றுமதி செய்த இடங்களுள் அதுவும் ஒன்று. கட்பரி கம்பனி வாங்கிய கொக்கோவில் ஏறக்குறைய அரைப்பங்கு அங்கிருந்தே வந்தது.

போர்த்துக்கல் அரசு அடிமை முறையை 1870களிலேயே சட்டப்படி ஒழித்துவிட்டது. ஒழிந்தது பெயர் மாத்திரமே. அங்கோலாவின் உள்நாட்டிலே பிடிக்கப்பட்டும் கடனுக்காக விற்கப்பட்டும் வந்த ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடத்தப்பட்டுக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே அதிகாரி ஒருவர் முன்னிலையில் ஐந்தாண்டு ஒப்பந்தம் வாசிக்கப்படும். அது அவர்களுக்கு விளங்காது. "சம்மதமா?" என்ற கேள்விக்கு விடை வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? பதிவு நடந்துவிடும். இலக்கம் பொறித்த தகரத் தட்டு ஒன்று கழுத்தில் ஏறும். பின்பு கப்பல், பின்பு தோட்டம். ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் மீண்டும் ஐந்தாண்டுக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும். அங்கோலாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். 1908 வரையில் அவர்களுள் தாயகம் திரும்பியவர் ஏறக்குறைய எவருமில்லை எனலாம்.

காகிதத்தில் எழுதிய ஒப்பந்தமும், தலைமுறைக்கும் தீராத கடனும் எவ்வாறு இரும்பு விலங்கிலும் வலியனவாகும் என்பதை நம் மலைநாட்டு மக்களுக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. கடன் தீர்ந்தாலன்றித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற விடாத "துண்டு" முறை இந்நாட்டிலும் 1921 வரையில் இருந்ததன்றோ?

விசாரணைகளும் தவணைகளும்

வில்லியம் கட்பரி வாளாவிருக்கவில்லை. 1903இல் போர்த்துக்கல் தலைநகராகிய லிஸ்பனுக்குச் சென்று அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் சந்தித்தார். நிலைமை சீர்திருத்தப்படும் என்றார்கள் அவர்கள். பொறுத்திருந்து பார்க்கக் கம்பனியினர் தீர்மானித்தனர்.

பின்னர் நேரில் விசாரிக்க ஒருவரை அனுப்ப எண்ணினர். யோசப் பேட் என்னும் குவேக்கர் தெரிந்தெடுக்கப்பட்டார். அவர் முதலிற் போர்த்துக்கேய மொழியைப் பயின்று, 1905இல் புறப்பட்டு, 1907இல் திரும்பினார். இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் தாமாகவே அங்கோலாவின் உட்புறத்துக்குச் சென்றார். அடிமைகள் நடத்திச் செல்லப்பட்ட பாதையோரங்களில் மரவிலங்குகள் கிடந்ததைக் கண்டார். தாம் கண்டவற்றை 1906இல் நூலாக வெளியிட்டார். பேட் அவர்களின் அறிக்கையும் அதே முடிவையே கூறிற்று. 1908இல் வில்லியம் கட்பரி தாமே ஆபிரிக்காவுக்குச் சென்று பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவே கொக்கோ மூட்டைகள் போர்ன்வில்லுக்கு வந்துகொண்டே இருந்தன. ஏன்? கம்பனி கூறிய நியாயம் இது: "நாம் வாங்குவதை நிறுத்தினால் வேறொருவர் வாங்குவார். வாங்குபவராக இருக்கும் வரைதான் நம் சொல்லுக்கு மதிப்பு." பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சும் பொறுமையையே உபதேசித்தது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போர்த்துக்கேயரின் மொசாம்பிக்கிலிருந்து ஆள் வேண்டியிருந்தமையால், போர்த்துக்கலைப் பகைக்க அதற்கு மனமில்லை.

இந்நியாயத்தில் உண்மை அறவே இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காத்திருந்தவர்கள் போர்ன்வில்லில் இருந்தார்கள். அக்காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்களோ சாவோ தோமேயில் இருந்தார்கள்!

1909 மார்ச்சு மாதத்திலேதான் கட்பரி கம்பனி அத்தீவின் கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தது. இங்கிலாந்தின் பிரை, ரவுன்ட்ரி ஆகிய கம்பனிகளும் உடன் சேர்ந்தன.

நீதிமன்றத்தில் ஒரு கேள்வி

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1908 செப்டெம்பரில், லண்டன் "ஸ்டாண்டர்ட்" பத்திரிகை கட்பரியினரைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் சீனக் கூலிகள் படும் துயரத்துக்காகக் கண்ணீர் வடித்தது "டெயிலி நியூஸ்" பத்திரிகை. அதன் உரிமையாளர் ஜோர்ஜ் கட்பரி. சீனருக்காக அழுதவர்கள், தமது கொக்கோவை விளைவித்த அடிமைகளுக்காக என்ன செய்தார்கள் என்பதே "ஸ்டாண்டர்ட்" எழுப்பிய வினா.

கம்பனி மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தது. 1909 நவம்பர் இறுதியிற் பேர்மிங்காமில் விசாரணை தொடங்கிற்று. பத்திரிகையின் சார்பில் வாதாடியவர் பேர்போன வழக்கறிஞர் எட்வேட் கார்சன். அவர் வில்லியம் கட்பரியைக் குறுக்கு விசாரணை செய்து, இறுதியாக ஒரு கேள்வி கேட்டார். அந்த எட்டு ஆண்டுகளில் உங்கள் கொக்கோவுக்காக உயிர் நீத்த அடிமைகள் எத்தனை பேர் என்று எப்போதேனும் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா என்பதே அது. இல்லை என்பதைத் தவிர வேறு விடை அவரிடம் இருக்கவில்லை.

ஜூரர்கள் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் முடிவுக்கு வந்தனர். பத்திரிகை எழுதியது அவதூறே; எனவே வழக்கிற் கம்பனிக்கே வெற்றி. நட்டஈடு எவ்வளவு? ஒரு பார்திங். ஒரு பென்னியின் காற்பங்கு! சட்டத்தின்படி மானம் காக்கப்பட்டது. அதன் பெறுமதி இவ்வளவுதான் என்றும் சொல்லாமற் சொல்லப்பட்டது.

இனி நிகழ்ந்ததையும் கூறுதல் நீதியாகும். வாங்குவோர் விலகியதும் போர்த்துக்கல் அரசு 1909இல் அங்கோலாவில் ஆட்சேர்ப்பைச் சிலகாலம் நிறுத்தியது. தொடர்ந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். எட்டு ஆண்டுப் பேச்சால் ஆகாதது வாங்க மறுத்தபின் ஆகத் தொடங்கியது. எனினும் வேறு நாட்டு வணிகர் வாங்கிக்கொண்டே இருந்தமையால், தீவின் கொக்கோ உற்பத்தி 1913இலேதான் உச்சத்தை எட்டிற்று. ஒருவர் மாத்திரம் விலகினால் மற்றவர் அவ்விடத்தை நிரப்பி விடுகிறார் என்ற பாடமும் இதில் உண்டு.

இன்றைய நிலை

கட்பரி கம்பனி பின்னர் நாடியது கோல்ட் கோஸ்ட் நாட்டை, இன்றைய கானா. இப்போது கானாவும் அயலிலுள்ள ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து உலகக் கொக்கோவில் அரைவாசிக்கு மேல் விளைவிக்கின்றன. பெருந்தோட்டங்களில் அன்று, சிறு கமக்காரரின் நிலங்களில். அங்கும் ஒரு துயரம் புகுந்துள்ளது. அது சிறுவர் உழைப்பு.

2001இல் பெரும் சொக்கலேற் கம்பனிகள் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, மிகக் கொடிய சிறுவர் உழைப்பை ஒழிக்க முன்வந்தன. முதலில் 2005 என்று தவணை கூறப்பட்டது. அது 2008 ஆயிற்று. பின்பு 2020க்குள் 70 வீதம் குறைப்பது என்று இலக்கே மாறியது. 2020இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்விரு நாடுகளிலும் கொக்கோத் தொழிலில் ஈடுபட்டிருந்த சிறுவர் ஏறக்குறைய 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர். இவர்களெல்லாரும் அடிமைகள் அல்லர். பெரும்பாலோர் தம் குடும்ப நிலங்களிலே கத்தியும் கிருமிநாசினியும் கையாள்பவர்கள். விளைச்சலுக்குக் கிடைக்கும் விலை போதாத வீட்டில், கூலிக்கு ஆள் வைக்க வழியேது? பிள்ளையின் கையே கூலியாளின் கையாகிறது.

ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்குச் சிறுவயதிற் கடத்தப்பட்டோம் என்று கூறிய மாலி நாட்டவர் அறுவர் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தனர். அங்குள்ள உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அவ்வழக்கு நடைபெற இடமளிக்கவில்லை. சம்பவம் நடந்ததா இல்லையா என்பதை அது ஆராயவில்லை. அமெரிக்க மண்ணில் நடந்ததாகக் காட்டப்பட்டவை வழக்குக்குப் போதா என்பதே முடிவு. தீமை ஒரு நாட்டில், இலாபம் இன்னொரு நாட்டில் என்றிருக்கும்போது, பொறுப்பு நடுக்கடலில் மிதக்கிறது!

அதைக் கரைசேர்க்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. பிரான்ஸ் 2017இலும், ஜேர்மனி 2021இலும் இயற்றிய சட்டங்கள், பெருங் கம்பனிகள் தமக்குப் பொருள் வழங்குவோரிடத்தும் கொடுமை நிகழாவண்ணம் கண்காணிக்க வேண்டுமென விதித்தன. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் இத்தகைய பணிப்புரை ஒன்றை நிறைவேற்றியது. ஆனால் மறு ஆண்டிலேயே அது அமுலாகும் காலம் பிற்போடப்பட்டது. மீண்டும் தவணை!

வாங்குவோர் இல்லையெனின் விற்போரும் இல்லை என்ற கருத்தை வள்ளுவர் புலால் மறுத்தலிலே கூறினார். ஊனுக்குக் கூறியது கொக்கோவுக்கும் பொருந்தும். அறியாமல் வாங்குவது பிழையாகாதிருக்கலாம். அறிந்த நாள் முதலாக வாங்குபவனும் பங்காளியே. அதனால் அறிந்த நாளுக்கும் நிறுத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் கணக்கிட வேண்டும். நல்லெண்ணம் மிக்க கட்பரியினரே அதைக் கணக்கிட மறந்தனரென்றால், ஏனையோரை அவர்களது மனச்சாட்சியிடம் மாத்திரம் ஒப்படைத்தல் தகுமா? எல்லோரையும் ஒருங்கே கட்டும் சட்டமே வேண்டும்.

குழந்தையின் கையிலுள்ள இனிப்பைப் பறிக்க வேண்டாம். ஆனால் அது வளர்ந்து, "அம்மா, இதைப் பறித்தவர் யார்?" என்று கேட்கும் நாளில், அக்கேள்வியை அடக்காதிருப்போம். அந்தக் கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாதிருந்தமையாலன்றோ ஒரு மனிதனின் விலை தோட்டத்துப் பட்டியலில் ஏறியது!