பழைய ரிசீவரும் புதிய பிளேயரும்

எச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதல் விதிமுறை 2002 டிசம்பரில்தான் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஹோம் தியேட்டர் ரிசீவரில் அதற்குரிய துளை இராது. அதற்காக, ஊரிலிருந்து சுமந்து வந்த நல்ல ரிசீவரைப் பழைய சாமான் கடைக்கு அனுப்ப வேண்டுவதில்லை.

ப்ளூ-ரே பிளேயரின் எச்.டி.எம்.ஐ. கேபிள் நேரே தொலைக்காட்சிக்குச் செல்லட்டும். ஒலி மட்டும் ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் கேபிள் வழியே ரிசீவரை அடையட்டும். மலிவான பிளேயர்கள் சிலவற்றில் இவ்விரு துளைகளுமே இரா. வாங்குமுன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது நலம்.

பலர் இடறுவது அடுத்த படியில். பிளேயரின் ஒலி அமைப்பு 'பி.சி.எம்.' என்றிருப்பின் இக்கேபிளில் இரண்டு தடங்களே செல்லும். 'பிட்ஸ்ட்ரீம்' என மாற்றினால், டால்பி டிஜிட்டல் அறிந்த ரிசீவருக்கு வட்டிலுள்ள ஆறு தடங்களும் போய்ச் சேரும். 1950-களின் தமிழ்ப் படங்களோ ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றுக்குப் பின்புற ஒலிபெருக்கிகள் மௌனமாயிருந்தால் கேபிளைக் குறை கூறலாகாது.