கல்லூரியிலேயே கோடிகள்... அப்புறம் எதுக்கு அவசரம்? அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலில் மாறிய விதிகளும் என்எஃப்எல் டிராஃப்ட்டும்

2025 ஏப்ரல் 24. அமெரிக்காவின் கிரீன் பே நகரில் என்எஃப்எல் டிராஃப்ட் மேடையில் முதல் ஆளாக வாசிக்கப்பட்ட பெயர், கேம் வார்ட். டென்னசி டைட்டன்ஸ் அணி அவரை எடுத்தது. 4 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 4.8 கோடி டாலருக்கும் மேல். நம்ம ஊர் கணக்கில் 400 கோடி ரூபாயைத் தாண்டும்.

இதில் என்ன ஆச்சரியம்னு கேட்கலாம். இதே கேம் வார்ட், அதற்கு முந்தைய ஆண்டே டிராஃப்ட்டுக்குப் போவதாக அறிவித்தவர். 2024 ஜனவரி தொடக்கத்தில் அறிவிப்பு. இரண்டு வாரம் கூட ஆகவில்லை, முடிவை மாற்றிக்கொண்டு மியாமி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரே சீசனில் 39 டச்டவுன் பாஸ். அடுத்த ஆண்டு நாட்டிலேயே முதல் தேர்வு.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வீரரால் இப்படி ஒரு யூ-டர்ன் அடித்திருக்கவே முடியாது. என்ன மாறியது? அணிகளின் தேர்வாளர்கள் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்?

டிராஃப்ட்னா என்ன?

முதலில் ஒரு விஷயம். இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.

ஐபிஎல் ஏலத்தில் காசு வைத்திருக்கும் அணி வீரரை வாங்கும். டிராஃப்ட்டில் ஏலமே கிடையாது. முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில் எடுக்கும். 32 அணிகள், 7 சுற்று. எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் வீரர் போயாக வேண்டும். எத்தனையாவதாக எடுக்கப்படுகிறாரோ, அதை வைத்தே சம்பளமும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பள்ளிப்படிப்பு முடிந்து 3 ஆண்டு ஆனால்தான் டிராஃப்ட்டில் நுழைய முடியும். இதை எதிர்த்து ஓஹியோ ஸ்டேட் வீரர் மாரிஸ் கிளாரெட் வழக்குப் போட்டார். முதல் ஆண்டிலேயே தன் அணிக்கு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். 2004-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமயோர். 2005-ல் டென்வர் அணி கிளாரெட்டை மூன்றாம் சுற்றில் எடுத்தது. ஆனாலும் அவர் ஒரு லீக் போட்டியில் கூட களமிறங்கவில்லை.

அந்த 3 ஆண்டு விதி இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்த 3 ஆண்டுகளில் வீரருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் தலைகீழாக மாறிவிட்டது.

சல்லிக்காசு கிடையாது என்ற காலம்

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, 'மாணவர் என்றால் அமெச்சூர்தான், படிப்புச் செலவுக்கு உதவித்தொகை தரலாம், சம்பளம் தரக்கூடாது' என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தது. 80 ஆயிரம், 1 லட்சம் பேர் அமரும் மைதானங்கள் நிரம்பி வழியும். டிவி உரிமை கோடிகளில் விற்கும். பயிற்சியாளர் கோடிகளில் சம்பளம் வாங்குவார். விளையாடும் பையன் தன் பெயர் போட்ட ஒரு டி-ஷர்ட்டை விற்றால் கூட சஸ்பெண்ட்!

2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு படிப்பு தொடர்பான சலுகைகளைப் பற்றியது மட்டும்தான். ஆனா அந்த அடிக்குப் பிறகு அமைப்பு பழையபடி நிமிரவே இல்லை. 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழை வைத்து விளம்பர வருமானம் ஈட்டலாம் என்றானது.

அடுத்தது இடமாற்றம். முன்பு கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு ஆண்டு வெளியே உட்கார வேண்டும். 2021-ல் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024-ல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. இதையும் விளம்பரப் பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். கிட்டத்தட்ட ஒரு திறந்த சந்தை.

மூன்றாவது அடி 2025 ஜூனில் விழுந்தது. ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர் நிலுவை. அதோடு 2025 ஜூலை முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர்.

ஜனவரி கணக்கு

20, 21 வயதுப் பையன். கல்லூரியில் மூன்றாவது சீசன் முடிந்திருக்கிறது. ஜனவரி நடுவில் கெடு. போவதா, இருப்பதா?

என்எஃப்எல்லில் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. வீரர் கேட்டால் அது மூன்று பதிலில் ஒன்றைத் தரும்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அல்லது 'கல்லூரியிலேயே இரு'. மூன்றாவது பதில் வந்தவர் முன்பு என்ன செய்வார்? வீட்டில் கஷ்டம் என்றால் எப்படியும் டிராஃப்ட்டுக்குப் போவார். ஆறாம் சுற்றாக இருந்தாலும் அது சம்பளம்தானே? கல்லூரியில் இருந்து காலை உடைத்துக்கொண்டால் அதுவும் போச்சு.

இப்போது கணக்கு வேறு. 2025-ல் என்எஃப்எல் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். அதுவும் அணியின் இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தால்தான். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவருக்குக் கையெழுத்துத் தொகையைத் தாண்டி பெரிய உத்தரவாதம் கிடையாது. ஆகஸ்டில் கழற்றிவிட்டால் அவ்வளவுதான். பெரிய கல்லூரியில் முதல்நிலை குவார்ட்டர்பேக்காக இருந்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். ஆக, இரண்டாம் சுற்றுக்குக் கீழே மதிப்பிடப்படும் ஆள் ஏன் அவசரப்பட வேண்டும்?

எண்ணிக்கையே சொல்லும். 2021-ல் தகுதிக்காலம் முடியும் முன்பே டிராஃப்ட்டுக்கு வந்தவர்கள் 100 பேருக்கும் மேல். 2024-ல் அது 60-க்குக் கீழே இறங்கிவிட்டது. ஜார்ஜியா குவார்ட்டர்பேக் கார்சன் பெக் கூட 2024 டிசம்பரில் டிராஃப்ட்டுக்குப் போவதாக அறிவித்துவிட்டு, ஜனவரியில் மியாமிக்கு மாறினார். வார்ட் போட்ட அதே ரூட்!

ஒரு எச்சரிக்கை. இந்த யூ-டர்ன் கெடுவுக்குள் மட்டும்தான். கூடைப்பந்தில் டிராஃப்ட்டில் யாரும் எடுக்காவிட்டால் கல்லூரிக்குத் திரும்ப வழி உண்டு. ஃபுட்பாலில் கதவு மூடினால் மூடியதுதான்.

தேர்வாளருக்கு என்ன தலைவலி?

முதல் தலைவலி வயது. கொரோனா காரணமாக 2020 சீசனை என்சிஏஏ யார் கணக்கிலும் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரு ஆண்டு போனஸ். 2024 டிராஃப்ட்டில் முதல் 12 இடங்களில் 6 குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். 8-வதாக அட்லாண்டா எடுத்த மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியர் கல்லூரியில் 6 ஆண்டு இருந்தவர். 12-வதாக டென்வர் எடுத்த போ நிக்ஸ் 61 போட்டிகளில் தொடக்க வீரராக ஆடியிருந்தார், அது கல்லூரி குவார்ட்டர்பேக்குகளில் சாதனை. அப்போது அவருக்கு வயது 24.

இதை எப்படி மதிப்பிடுவது? 24 வயது ஆள் 19 வயதுப் பையன்கள் நிற்கும் தடுப்பை உடைத்தால் அது திறமையா, அனுபவமா? முதல் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 28 ஆகிவிடும். இன்னொரு பக்கம், 61 போட்டி ஆடியவரின் வீடியோவில் மறைக்க எதுவுமில்லை. வந்த முதல் நாளே ஆட வைக்கலாம். டென்வர் அப்படித்தான் செய்தது, அந்த சீசனிலேயே பிளே-ஆஃபுக்கும் போனது.

இரண்டாவது, வீரர்கள் ஊர் ஊராக மாறுவது. வார்ட் ஆடியது மூன்று கல்லூரி: இன்கார்னேட் வேர்ட், வாஷிங்டன் ஸ்டேட், மியாமி. மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள். விசாரிக்கவே மூன்று இடம் அலைய வேண்டும். மாறி மாறிப் போனவரிடம் பொறுமை இருக்குமா என்ற சந்தேகம் சிலருக்கு. ஆனால் மூன்று இடத்திலும் புதுசாகக் கற்றுக்கொண்டு ஜெயித்தார் என்பதே ஒரு சான்றிதழ் இல்லையா? 2023-ல் ஹைஸ்மன் விருது வாங்கிய ஜேடன் டேனியல்ஸும் அரிசோனா ஸ்டேட்டில் இருந்து எல்எஸ்யு-வுக்கு மாறியவர்தான். வாஷிங்டன் அணிக்குப் போய் முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக விருதை வாங்கினார்.

களத்துக்குள்ளேயும் வேறு விதி

கல்லூரி ஆட்டமும் என்எஃப்எல்லும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். அளந்து பார்த்தால் வேறு.

மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. பந்தை வைக்கும் எல்லைக் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஓரக் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. வேகமான ஓட்டக்காரருக்கு அந்த 100 அடி பக்கம் திறந்த வயல் மாதிரி. என்எஃப்எல்லில் அதே நிலைமை 71 அடி, 89 அடி. கல்லூரியில் பறந்தவர் இங்கே சுவரில் மோதுவது இதனாலும்தான்.

தாக்குதல் வரிசையின் பருமனான வீரர்கள், பாஸ் போடும் ஆட்டத்தில் கல்லூரியில் 3 கெஜம் வரை முன்னே போகலாம். என்எஃப்எல்லில் 1 கெஜம்தான். ஓடுவதா வீசுவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு எளிதாகப் பலிப்பதற்கு இந்த 2 கெஜம் ஒரு முக்கிய காரணம். அப்படிக் குவித்த டச்டவுன்களை அப்படியே நம்பினால் தேர்வாளர் வேலை காலி. பந்தைப் பிடிப்பவருக்குக் கல்லூரியில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டும் படணும்.

சமீபத்திய மாற்றங்கள் சில இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. 2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கலாம். என்எஃப்எல்லில் இது 1994-ல் இருந்தே இருக்கிறது. அதுவரை கல்லூரிகளில் ஓரத்தில் நின்று கை சைகை, பட அட்டை. எதிரணி சைகையைத் திருடியதாக 2023-ல் மிச்சிகன் மீது பெரிய சர்ச்சையே வெடித்தது. இப்போது ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது குரல் துண்டிக்கப்படும். அதன்பின் குவார்ட்டர்பேக் தானாக எதிரணியைப் படிக்க வேண்டும். தேர்வாளர் பார்க்க விரும்புவதும் அந்த 15 நொடியைத்தான்.

ஸ்டாப்வாட்ச் சொல்லாதது

இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'கம்பைன்' முகாமுக்கு 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் அழைக்கப்படுகிறார்கள். டிவியில் பிரபலம் 40 கெஜ ஓட்டம். 2024-ல் சேவியர் வர்தி 4.21 நொடியில் ஓடியது சாதனை. ஆனால் அணிகளுக்கு அங்கே முக்கியம் மருத்துவப் பரிசோதனை. இண்டியானாவில் ஆடியபோது தொடர்ந்து 4 சீசன் காயத்தால் பாதியில் முடிந்த பெனிக்ஸ் போன்றவருக்கு, டாக்டர் எழுதும் ஒரு வரி பல கோடிகளை முடிவு செய்யும்.

சோதனைகள் பொய் சொல்வதும் உண்டு. 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரௌட் ஒரு மூளைத்திறன் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியதாகச் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் கண்டுகொள்ளாமல் 2-வதாக எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் அவர்தான். 2000-ல் 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடி, 199-வதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி பின்னர் 7 சூப்பர் பவுல் ஜெயித்தார். 2025-லும் முதல் சுற்றில் போவார் என்று பலர் கணித்த ஷெடூர் சாண்டர்ஸ் மூன்றாம் நாள்வரை காத்திருந்து 144-வதாகத்தான் போனார்.

யாருக்கு நஷ்டம்?

மூத்த வீரர்கள் போகாமல் இருந்தால், பள்ளியில் இருந்து வரும் 18 வயதுப் பையனுக்கு இடம் எங்கே? கோச்சுக்குத் தயாரான 23 வயது ஆள் சந்தையில் கிடைக்கும்போது, இவனை 2 ஆண்டு வளர்க்க யாருக்குப் பொறுமை? ஹவுஸ் சமரசத்தின்படி ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பும் வந்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பல மாணவர்கள் இதனால் அணியில் இடத்தை இழந்தார்கள். ஏற்கெனவே வெட்டப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுக்கலாம் என்ற திருத்தம், நீதிபதி அழுத்தம் கொடுத்த பிறகுதான் வந்தது. அதிலும் 'எடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'எடுக்கணும்' என்று இல்லை.

தகுதிக்கால வரம்பும் நீதிமன்றத்துக்குப் போனது. வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக் டியகோ பவியா, ஜூனியர் கல்லூரியில் ஆடிய காலத்தைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டு, 2024 டிசம்பரில் தற்காலிக உத்தரவு வாங்கினார். அவரைப் போன்ற நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் என்சிஏஏ ஒரு சீசன் கூடுதலாகக் கொடுத்தது. அவர்கள் எல்லோரும் இன்னும் ஒரு வயது கூடித்தான் டிராஃப்ட் வாசலுக்கு வருவார்கள்.