அண்டை வீட்டாரின் கண்

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்து, காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அவ்வூராருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாய்த்திருக்கும் அண்டை வீட்டார் சற்று வித்தியாசமானவர். பகலில் உறங்கி, இருட்டிய பின் கண் விழிப்பார். பிறர் வாசலில் விளக்கு மிகுந்தால் அவருக்குக் கண் கூசும். வைணு பாப்பு வானாய்வகமே அந்த அண்டை வீட்டார்.

நகர வெளிச்சம் தீண்டாத வானத்தைத் தேடிய பேராசிரியர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் இது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்திசை விண்மீன்களும் இங்கே நன்கு தெரியும். 1968-ல் சிறியதொரு தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. மறைப்பதற்கு முன்பே அவ்விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கியதை இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அமெரிக்க விஞ்ஞானிகளும் அதே வேளையில் விமானத்திலிருந்து இதைக் கண்டனர். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அப்படித்தான்! பாப்பு 1982-ல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் செயலுக்கு வந்தது.

இத்தகைய கண்ணுக்குத்தான் இன்று உறுத்தல். வீட்டு முகப்பில் வானை நோக்கிய ஃபோகஸ் விளக்கு, சுற்றுச்சுவர் நெடுக சீரியல் பல்புகள், திருவிழா முடிந்து வாரங்களாகியும் அவிழ்க்கப்படாத அலங்கார விளக்குகள். வெண்ணிற எல்.ஈ.டி. ஒளியில் நீலம் மிகுதி. பகல் வானை நீலமாக்கும் அதே இயல்பால், அது காற்றில் எளிதில் சிதறி, மலையடிவார ஊர்களிலிருந்தும் வானில் வெளிறிய படலமாகப் பரவுகிறது. மங்கலான விண்மீன்கள் அதில் கரைந்துவிடுகின்றன.

‘என் வீட்டு வாசல், என் மின்கட்டணம், கேட்க நீ யார்?’ என்பது உலகெங்கும் உள்ள நியாயந்தான். எனினும் அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், அங்குள்ள வானாய்வகத்தின் பொருட்டு, 1958-லேயே வானில் வீசும் விளம்பர ஒளிக்கற்றைகளைத் தடை செய்தது. லடாக்கின் ஹான்லே பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விளக்குகளுக்கு மூடியும் சன்னல்களுக்குத் திரையும் இட்டுக் கிராமத்தார் ஒத்துழைக்கின்றனர். யாரும் இருளில் தடுமாற வேண்டியதில்லை. ஒளி கீழ்நோக்கி விழுமாறு ஒரு மூடி, மஞ்சள் நிற பல்பு, உறங்கும் முன் நினைவாக ஒரு சுவிட்ச், இவ்வளவே.

இழப்பு விஞ்ஞானிகளுக்கு மட்டுமன்று. திருமணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்லி விரல் நீட்டும் பெரியவர்கள், நகரத்தில் வெற்று வானையே காட்டுகிறார்கள். கார்த்திகைப் பெண்களாகிய ஆறு விண்மீன்களைப் பெயரன் பெயர்த்திகளுக்கு எண்ணிக் காட்டவும் இயலுவதில்லை. ஆலயங்களிலும் இது நிகழ்வதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அர்த்தசாம பூசை முடிந்து, சுவாமி பள்ளியறை எழுந்தருளி, நடை சாத்திய பின்னும் கோபுரத்தை நோக்கிய ஒளிவெள்ளம் விடியும் வரை நிற்பதில்லை.

கார்த்திகை தீபத்தன்று வாசல் மாடத்தில் வைக்கும் அகலில் ஒரு கரண்டி எண்ணெய்தான் கொள்ளும். வீட்டார் உறங்குவதற்குள் அது தானே மலையேறிவிடும்.