இடது கை வித்வான்

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் யார் எங்கே உட்காருவது என்பது சாஸ்திரம் போலவே நிலைத்துவிட்ட ஏற்பாடு. நடுவில் பாடகர், அவருக்கு வலப்புறம் மிருதங்க வித்வான், இடப்புறம் பிடில் வித்வான். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மிருதங்கத்தின் கணீரென்ற சொற்கள் வலந்தலையில் பிறப்பவை. பாடகரின் வலப்புறம் அவரைப் பார்த்தாற்போல் அமர்ந்து வாசித்தால், அந்த வலந்தலை சபையோரை நோக்கி இருக்கும். நாதம் தங்கு தடையின்றி நம் காதில் வந்து விழும். எல்லாம் சரிதான். ஆனால், வலக் கையில் இருக்க வேண்டிய வித்தையை ஆண்டவன் ஒருவருக்கு இடக் கையில் வைத்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத் தம் ஆயுள் முழுவதையும் விடையாகத் தந்து சென்றவர், மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

அவர் 1908-ஆம் ஆண்டு பழனியில் பிறந்தார். தந்தை முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் தேர்ந்தவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். தாளக் கணக்கில் புதுக்கோட்டை வழிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆகவே, பிள்ளையவர்களுக்கு வித்தை வீட்டிலேயே இருந்தது. வித்தையைக் காட்ட மேடையில் இடந்தான் இல்லை!

இடக் கை வழக்கமுள்ளவர் வாத்தியத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, வலந்தலையை இடக் கையால் வாசிப்பார். அவர் வழக்கமான இடத்தில் அமர்ந்தால் வலந்தலை சபைக்கு முதுகைக் காட்டும். பாதி நாதம் பின்புறத் திரைக்குத்தான் கேட்கும். அவரைப் பாடகரின் இடப்புறத்துக்கு மாற்றலாம். மாற்றினால் பிடில் வித்வான் தம் இடத்தை விட்டு எழுந்து எதிர்ப்புறம் போக வேண்டும். பல ஆண்டுகளாகப் பழகிய இடத்தை விடப் பெரிய வித்வான்கள் எளிதில் இசைவார்களா? மேடையில் இடம் என்பது வசதி மாத்திரம் அல்லவே, கௌரவமும் அல்லவா? ஒருவருடைய கைப்பழக்கத்துக்காக மேடை முழுவதையும் மாற்றுவதைவிட, வேறு மிருதங்கக்காரரை அழைத்துக்கொள்வது சுலபம் என்றே பலர் எண்ணினார்கள். வாசிப்பில் குற்றம் கண்டு ஒருவரை விலக்கினால், அவர் உழைத்துத் திருத்திக்கொள்ளலாம். உட்காரும் இடத்துக்காக விலக்கினால் அவர் எதைத் திருத்துவது?

இந்த நிலையில் அவருக்குக் கை கொடுத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காடு மணி அய்யரை இள வயதிலேயே தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்து உலகறியச் செய்தவரும் அவரேதான். பக்க வாத்தியக்காரரின் திறமை வெளிப்பட்டால் தம் புகழ் குறையுமென்று அஞ்சாத பெருந்தன்மை பாகவதருக்கு இருந்தது. இடம் மாறினால் என்ன, சங்கீதம் மாறிவிடுமா என்று கருதி, இடது கை வித்வானைத் தம் கச்சேரியில் அமர்த்திக்கொண்டார். மேடை இடிந்து விழவில்லை. ரசிகர்களுக்கோ நல்ல மிருதங்கம் கிடைத்தது.

ஒரு முறை கதவு திறந்தபின், உள்ளே நிலைத்து நிற்பது அவரவர் சாமர்த்தியம். பக்க வாத்தியக்காரரின் தொழிலை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பாடகருக்குத் தாம் பாடப்போவது இன்னதென்று தெரியும். மிருதங்கக்காரருக்கு அதுவும் தெரியாது. பெரும்பாலும் ஒத்திகை என்பதே கிடையாது. பல்லவி தொடங்கியவுடன் தாளம் என்ன, காலப்பிரமாணம் என்ன, எடுப்பு சமத்திலா, அரை இடம் தள்ளியா என்பதையெல்லாம் கண நேரத்தில் கண்டுகொண்டு, பல காலம் உடன் வாசித்துப் பழகியவர்போல் சேர்ந்துகொள்ள வேண்டும். கோவில் உற்சவமானாலும், கல்யாணக் கச்சேரியானாலும், சென்னைச் சபையானாலும் இதே பரீட்சைதான். இன்று ஒரு பாடகர், நாளை இன்னொருவர். இருவர் போக்கும் ஒன்றல்ல.

ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டு மின்னல் வேகம் கொண்டது. மதுரை மணி அய்யரின் கற்பனை ஸ்வரங்களோ ஆற்றொழுக்காகச் செல்பவை. இவ்விருவருக்கும் பலமுறை வாசித்து, இருவருக்கும் உகந்தவராய் விளங்கினார் பிள்ளையவர்கள். கணக்கு வழியில் வளர்ந்தவர், கணக்கை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கவில்லை. தாளம் இயல்பாக நடந்து செல்லும் ஸர்வலகு என்னும் போக்கில் பாட்டை ஏந்திச் சென்று, கணக்கை வேண்டிய இடத்தில் மட்டும் வெளியிட்டார்.

அவருடைய கும்கியைப் பற்றி ரசிகர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ரவைப் பசை பூசிய தொப்பியில் கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் ஆழ்ந்த, குழைவான நாதமே கும்கி. மற்றவர்களுக்கு இடக் கை செய்யும் இந்த வேலையை, இவருக்கு வலக் கை செய்தது. அதைவிடவும் அருமையானது அவர் வாசிக்காமல் விட்ட இடம். எங்கே கையை எடுத்துவிட்டால் பாட்டு ஒளிரும் என்பதை அறிந்திருந்தார். வாசிக்கக் கற்பது ஒரு வித்தையானால், வாசிக்காமலிருக்கக் கற்பது அதைவிடப் பெரிய வித்தை.

இன்னொரு செய்தியும் சொல்லத்தக்கது. மணி அய்யர் மிருதங்கம் வாசிக்க, அவருடன் பிள்ளையவர்கள் கஞ்சிரா வாசித்த கச்சேரிகள் உண்டு. சமகாலத்தின் தலைசிறந்த இரு மிருதங்க வித்வான்களில் ஒருவர், மற்றவர் பக்கத்தில் உபபக்க வாத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அமர்வதற்கு எவ்வளவு மனம் வேண்டும்! தொடக்கத்தில் தமக்கு மறுக்கப்பட்ட இடத்தைப் பிற்காலத்தில் அவர் எவரிடமும் வழக்காடிப் பெறவில்லை. எங்கே அமர்ந்தாலும் அதுவே நல்ல இடம் என்று ஆக்கிக்கொண்டார்.

1962-ஆம் ஆண்டு அவர் காலமானார். சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்குக் கிடைத்தது 1966-ல். பெற்றவர் மணி அய்யர். அந்த நாளைக் காண பிள்ளையவர்கள் இல்லை. ஆனால் அவருடைய சீடர் திருச்சி சங்கரன், 1971 முதல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்து, 2011-ல் அதே கலாநிதி விருதைப் பெற்றார். குருவுக்கு வராத மாலை சீடர் கழுத்தில் வந்து விழுந்தது. பழனியில் பிறந்த பாணி கடல் கடந்தும் ஒலித்தது.

பிள்ளையவர்களின் கச்சேரி ஒலிப்பதிவுகள் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கேட்பவருக்கு எந்தக் கை வலந்தலையில் வாசித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. காதுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. கண்ணுக்குத்தான் அந்த வேற்றுமை. ஒரு மகா வித்வானை இழக்கக் கண்ணின் பழக்கம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போதுதான் செம்பையாரின் பெருந்தன்மை எத்தகையது என்பது விளங்குகிறது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் காப்பிக்கு எழுந்து செல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டு மணி நேரம் பிறர் பாட்டுக்கே உழைத்தவர், அப்போதுதான் தம் சொந்தப் பேச்சைத் தொடங்குகிறார். அடுத்த முறை சற்றே உட்கார்ந்து கேட்போம். காப்பி ஆறினால் மறுபடி சுட வைத்துக்கொள்ளலாம்.