சாளேசுரமும் பூட்டுத் தொழிலும்

நாற்பது பிராயம் கடந்தவர் பத்திரிகையைக் கையெட்டும் தூரத்திற்கு விலக்கிப் பிடித்து வாசிப்பதைக் கண்டு இளைஞர் நகைப்பதுண்டு. நாமும் ஒரு காலத்தில் நகைத்தோம். இப்பொழுது நமது முறை வந்திருக்கிறது. இதனை வெள்ளெழுத்தென்றும் சாளேசுரமென்றும் நம்மவர் சொல்வர். ஹிந்தியில் ‘சாலீஸ்’ என்றால் நாற்பது. ஆகவே பெயரிலேயே வயது அடங்கியிருக்கிறது.

இது வியாதியன்று. கண்ணினுள்ளே இருக்கும் வில்லை பால்யத்தில் மிகவும் நெகிழ்ந்திருப்பதால், அருகிலுள்ள பொருளைப் பார்க்கையில் தானே குவிந்து கொடுக்கும். பத்து வயதுச் சிறுவன் புஸ்தகத்தை மூக்கருகில் வைத்தும் வாசிப்பான். அந்நெகிழ்ச்சி வருஷந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்து, நாற்பதையொட்டி அருகிலுள்ளவை மங்குகின்றன. முதுமையில் அதே வில்லை மங்கிக் கண்புரையாவது வேறு விஷயம். அதற்குச் சஸ்திர சிகிச்சை உண்டென்பதை, 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பின்னர் நமது கிராமவாசிகளும் நன்கறிவர். சாளேசுரத்தையோ ஒருவரும் பொருட்படுத்துவதில்லை.

திண்டுக்கல்லில் அது வயிற்றுப்பாட்டு விஷயம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நமதூர்ப் பூட்டின் லீவர்களையும் சாவியின் பற்களையும் தொழிலாளி கையாலேயே அரம் கொண்டு ராவிப் பொருத்துகிறான். மயிரிழை பிசகினாலும் பூட்டு திறவாது. கைத் தேர்ச்சி முதிர்வது நாற்பதில். அருகுப் பார்வை தளர்வதும் நாற்பதில்! சின்னாளபட்டித் தறியில் அறுந்த இழையைப் பிணைப்பவன் நிலையும் இதுவே. ‘வயதாகிவிட்டது’ என்று தன்னையே நொந்துகொண்டு அவன் நுண்ணிய வேலையை விட்டுவிட்டால், அவ்விடத்திற்கு வர இளைஞர் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கின்றனர்?

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது கடந்த தொழிலாளரைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. அருகே பார்ப்பதற்கான கண்ணாடி இலவசமாகப் பெற்றவர், பெறாதவரைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகக் கொழுந்து பறித்தனராம். கொழுந்து பறிப்பதற்கே இப்படியென்றால் லீவர் ராவுவதற்குக் கேட்பானேன்?

கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடுமென்று ஒரு வீண் பேச்சு உலவுகிறது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் வில்லை இறுகியே தீரும். நாமே அப்பேச்சை நம்பி, இரண்டு வருஷகாலம் தஸ்தாவேஜுகளைக் குமாஸ்தாவைக் கொண்டு வாசிக்கச் செய்தோம். குமாஸ்தா இல்லாத பூட்டுத் தொழிலாளி என் செய்வான்? பூட்டு வியாபாரிகளும் தொழிலாளர் சங்கத்தாரும் வருஷத்தில் ஒரு நாள் பட்டறைத் தெருக்களிலேயே கண் பரிசோதனை நடத்தி, தேவைப்பட்டவர்க்கு அன்றே கண்ணாடி கிடைக்கச் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.