ஃபலக்கும் ஒரு சிறுகோளும்

விண்பொருள்கள் இயங்கும் பாதையைக் குறிக்கத் திருமறை ஆளும் சொல் ‘ஃபலக்’ என்பதாகும். நூல் நூற்கும் தக்களியின் வட்டை அரபியர் ‘ஃபல்கா’ என்பர். வட்டம் என்னும் பொருள் இவ்வேரிலேயே உறைந்துள்ளது. ஞாயிறும் திங்களும் மட்டுமன்றி, ஒரு சிறு பாறையும் தனக்கெனப் பாதை உடையது.

2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் கண்டறியப்பட்ட ‘அபோஃபிஸ்’ அத்தகைய சிறுகோள். ஏறத்தாழ 340 மீட்டர் குறுக்களவுடைய இது, கதிரவனைச் சுமார் 324 நாள்களில் சுற்றி வருகிறது. 2029 ஏப்ரல் 13இல் இது பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு என 2004 டிசம்பரில் கணிக்கப்பட்டபோது அச்சம் பரவிற்று.

அவ்விழுக்காடு பாறையின் தடுமாற்றத்தை அன்று; நம் அறிவின் போதாமையையே காட்டிற்று. சில இரவுகளின் நோக்கீடுகள் பாதையின் சிறு வில் ஒன்றையே தரும். அதற்குப் பொருந்தும் பாதைகளோ பல. அவ்வாண்டு மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அதன் தடம் கிடைத்ததும் வில் நீண்டது. 2029 மோதல் இல்லையென்றாயிற்று. நூறாண்டுகளுக்கேனும் அச்சமில்லை என்பதை 2021இல் ரேடார் அளவீடுகள் உறுதிசெய்தன.

2029இல் அது நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். புவிநிலைச் செயற்கைக்கோள்களின் உயரமே 35,786 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பால் அதன் பாதை விரிந்து, சுற்றுக்காலம் ஓராண்டைத் தாண்டும்.

அந்நாள் வெள்ளிக்கிழமை. கியாமத் வெள்ளியன்று நிகழும் என்ற நபிமொழியை இதனோடு முடிச்சிடுவோர் எழக்கூடும். அந்நேரத்தின் அறிவு அல்லாஹ்விடமே உள்ளது என்பது நம் ஈமான். வந்த செய்தியைத் தீர விசாரித்தறிவதும் அதே திருமறை நமக்கிட்ட கடமையாகும்.